பீரோவில் இருந்த முகமூடி

ரவி,

நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய உறை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உள்ளே இரண்டு காகிதங்கள். ஒன்று உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி, பிழை பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறாய். பார்த்தேன், உன் மாமாவின் இனிஷியலைத் தவிர எல்லாம் சரியாக இருக்கிறது. இன்னொன்று, பூச்சி மருந்து அடிப்பதற்கான என்னுடைய லைசென்ஸைப் புதுப்பிக்கும் விண்ணப்பம். எல்லாக் கட்டத்தையும் நீயே டைப் அடித்து நிரப்பி, மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தாய். "அம்மா, குறி போட்ட இடத்தில் கையெழுத்து மட்டும் போதும். இனிமேல் நீங்கள் குடோன் பக்கமே போக வேண்டாம். வேலையை என் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். சம்பந்தி வீட்டில் நீங்கள் ரிட்டயர் ஆகிவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்."

போச்சம்பள்ளியில் மூன்று குடோன், ஒரு தொழிற்சாலை கேண்டீன், அத்திப்பள்ளியில் ஒரு கிடங்கு என்று நீ பிடித்திருக்கிற ஒப்பந்தங்களின் பட்டியலும் பின்னால் இருந்தது. கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அத்திப்பள்ளி கர்நாடகம் என்பது உனக்கு மறந்துபோய்விட்டது. செக்போஸ்ட்டைத் தாண்டினால் என் லைசென்ஸ் வெறும் காகிதம். அது சின்னத் தவறு, திருத்திக்கொள்ளலாம். "கையெழுத்து மட்டும் போதும்" என்று எழுதினாய் பார், அதைத்தான் என்னால் விட முடியவில்லை. இதே வார்த்தையை இதே வீட்டில் இன்னொருவர் வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். அவர் இப்போது எதிரே உட்கார்ந்து, நான் என்ன எழுதுகிறேன் என்று பேப்பருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "கல்யாண மாப்பிள்ளைக்கு எழுதற. கொஞ்சம் பார்த்து எழுது" என்கிறார் உன் அப்பா. பார்த்துத்தான் எழுதுகிறேன், கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் கொடு. இதில் ஒளித்து வைக்க எதுவும் இல்லை.

உன் அப்பா இந்தத் தொழிலுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். சேலத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவர், கதவடைப்பில் அந்த வேலை போனதும், ஒரு கைப்பம்பை வாங்கிக்கொண்டு புதிதாக எழும்பிய கட்டடங்களுக்குக் கரையான் மருந்து அடிக்கப் போனார். அப்போது இங்கே வாரத்துக்கு ஒரு தொழிற்சாலை முளைத்துக்கொண்டிருந்தது. கரையான், கரப்பான், எலி என்று வேலைக்குப் பஞ்சமே இல்லை. லைசென்ஸ் மட்டும் அவர் பேரில் கிடைக்காது. வேதியியல் படித்த ஒருவர் வேண்டும் என்றார்கள். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சான்றிதழ் பெட்டியின் அடியில்தான் கிடந்தது. அதை எடுத்துத் தரும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "உனக்கு எதுக்கு இந்த நாத்தத்துல அலைச்சல்? உன் கையெழுத்து மட்டும் போதும்" என்றார். அதை நான் அன்பு என்றே எடுத்துக்கொண்டேன். அன்புதான், அதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. நீயும் அன்பில்தான் எழுதியிருக்கிறாய்.

லைசென்ஸ் தருவதற்கு முன்னால் அதிகாரி வந்து சாமான்களைப் பார்ப்பார். பம்பு, கையுறை, ரப்பர் பூட்ஸ், நச்சுக்காற்றைத் தடுக்கிற முகமூடி. அந்த முகமூடி ஒன்றுதான் வாங்க முடிந்தது, அதுவும் மெட்ராஸிலிருந்து தருவித்தது. அதிகாரி அதைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனதும், நான் பாலிதீன் பையில் சுற்றி பீரோவில் வைத்தேன். அடுத்த புதுப்பித்தலுக்கு அதே முகமூடியை எடுத்துக் காட்டினோம். அதற்கடுத்த முறையும் காட்டினோம். வெளியே கொண்டுபோனால் கண்ணாடி கீறிவிடும், ரப்பர் வெடித்துவிடும், அடுத்த முறை அதிகாரிக்கு எதைக் காட்டுவது என்று பயம். என் கூறைப் புடவைக்கும் உன் அரைஞாண் கொடி டப்பாவுக்கும் நடுவில், அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். நாங்கள் மட்டுமில்லை, அப்போது இந்தத் தொழிலில் இருந்த எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு லைசென்ஸ் முகமூடி இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

முனிரத்தினம் மாமாவை உனக்குத் தெரியும். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவராகத்தான் தெரியும். அவர் அறுபது கிலோ மூட்டையைத் தனியாளாக முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடியதை நீ பார்த்திருக்க வாய்ப்பில்லை, அதெல்லாம் குடோனுக்குள் நடந்தது. அந்தச் சம்பவம் நடந்தபோது உனக்குப் பத்து வயது. பாகலூர் சாலையில் ஒரு மாட்டுத் தீவனக் குடோனுக்கு வண்டு விழுந்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். மூட்டைகளை அடுக்கி, இடையில் தட்டுத் தட்டாகப் பூச்சி கொல்லும் மாத்திரையை வைத்து, மேலே தார்ப்பாய் போர்த்தி, ஓரமெல்லாம் மணல் பையால் அழுத்திவிட்டு வருவது வழக்கம். காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து அந்த மாத்திரை புகையாகும். ஏழு நாள் யாரும் உள்ளே போகக் கூடாது. ஐந்தாம் நாள் காலை தீவனம் ஏற்ற லாரி வந்து நின்றது. குடோன் மேனேஜர் அவசரப்படுத்தினார். உன் அப்பா மத்திகிரியில் ஒரு வீட்டுக்குக் கரையான் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். "ஓரத்தை மட்டும் தூக்கிவிட்டு, தட்டுகளை எடுத்துடு முனிரத்தினம், வெளியே வந்துடு" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். ஐந்து நாளில் புகை அடங்கியிருக்குமா என்று கேட்க வேண்டிய ஆள் ஒருத்தி இருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் தானாகப் போய் விசாரிக்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்ட லைசென்ஸ் நகல் மட்டும் குடோன் அலுவலகத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே போன முனிரத்தினத்தை மொபெட்டில் நடுவில் உட்காரவைத்து நம் வீட்டு வாசலுக்குத்தான் கொண்டுவந்தார்கள். இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தார். நெஞ்சை அடைக்கிறது என்றார். அவர் கழுத்திலிருந்த ஈரத்துண்டை எடுத்தேன். பூண்டு நாற்றம் அடித்தது. ரவி, அது அந்த மாத்திரையிலிருந்து கிளம்புகிற பாஸ்பீன் வாயு என்று எனக்கு அந்த நொடியே தெரியும். கல்லூரிப் பாடத்திலேயே படித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, தகவல் தெரிந்து ஓடிவந்திருந்த உன் அப்பா, "காலையில தின்ன இட்லி ஒத்துக்கலைங்க சார், புளிச்ச மாவு" என்றார். லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. குளுக்கோஸ் பாட்டில் ஒன்று முழுக்க இறங்கி முடியும் வரை நான் பேசவில்லை. சொட்டுச் சொட்டாக அது இறங்கியதை நின்று பார்த்தேன். வாந்தி நின்றதும், வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார் டாக்டர். உன் அப்பா ஆட்டோ பிடிக்கப் போனார்.

அப்போதுதான் முனிரத்தினத்தின் மனைவி யசோதம்மா என் கையைப் பிடித்தாள். "அக்கா, வூட்ல எல்லாரும் அதே இட்லிதான் தின்னோம். பசங்களுக்கும் ஒண்ணும் ஆவல, எனக்கும் ஒண்ணும் ஆவல. நீங்க படிச்சவங்க. உங்களுக்கு எதுனா தெரிஞ்சா சொல்லுங்கக்கா" என்றாள். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் டாக்டர் அறைக்குப் போய், அவர் மூச்சில் போனது என்ன வாயு, எத்தனை மாத்திரை வைத்தது, எத்தனை நாள் ஆனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். "இதை வந்தவுடனே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? யார் பேர்ல இருக்கு லைசென்ஸ்?" என்று கேட்டார். "என் பேர்லதான் சார்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இதுவரை வேறு யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

அன்றைக்கே பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. வீட்டுக்கு அனுப்பியிருந்தால் பாயில் படுத்தபடியே போயிருப்பார் என்று பிறகு சொன்னார்கள். இருபது நாளில் எழுந்து உட்கார்ந்தார். பழைய மூச்சு திரும்பவில்லை, இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் நடுவில் நின்றுதான் ஏறுகிறார். பெங்களூருக்குப் போக மாற்றுப் புடவை எடுக்க பீரோவைத் திறந்தபோது அந்த முகமூடி கைக்குத் தட்டுப்பட்டது. ரப்பரில் கடையில் தூவிய பவுடர்கூட உதிராமல் இருந்தது. ஒரு மனிதன் ஈரத்துண்டோடு உள்ளே போன அதே காலையில், நான் அதற்கு அந்து பிடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

முனிரத்தினம் வீடு திரும்பிய வாரம், லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். வீட்டில் நடந்த சண்டையை நீ கேட்டிருப்பாய். "யாரும் புகார் குடுக்கல, யாரும் கேக்கல. நீயாப் போயி சோத்துல மண்ணப் போடுவியா?" என்றார் உன் அப்பா. நான் வீட்டில் மாட்டியிருந்த சட்டத்திலிருந்து லைசென்ஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன். அவரும் கூடவே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சானமாவு காட்டருகே யானை இறங்கியிருக்கிறது என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. எதிரே ஓசூருக்குத் திரும்புகிற பஸ்ஸும் நின்றது. "அதுல ஏறிடலாம், இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்று நாலு தடவை சொன்னார். நான் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தேன். ஐந்தாவது தடவை அவர் சொல்லவில்லை. கீழே இறங்கிப் போய் எனக்கு ஒரு சோடா வாங்கி வந்தார். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் அவர் என்னோடு சண்டை போட்டதே இல்லை. வேளாண்மை அலுவலகத்தில் அதிகாரி எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, "லைசென்ஸ் கேட்டு வர்றவங்களத்தான் பார்த்திருக்கேன். திருப்பிக் குடுக்க வந்தவங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

எட்டு மாதம் நமக்குத் தொழில் இல்லை. உன்னை வேன் வந்து ஏற்றிப்போகிற பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து அரசுப் பள்ளியில் சேர்த்தோம். அதை நீ இன்றுவரை மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். போன பொங்கலுக்குக்கூட உன் சிநேகிதனிடம் சிரித்துக்கொண்டே, "எங்க வீட்ல ஒரு வருஷம் திடீர்னு ஏழையாயிட்டோம்" என்றாயே, காதில் விழுந்தது. அதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன், ரவி. இன்னொரு தடவை அந்த நாள் வந்தாலும் அதே பஸ்ஸில்தான் ஏறுவேன். ஆனால் வேறொன்றுக்காகக் கேட்கிறேன். ஏன் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்தீர்கள் என்று நீ கேட்டபோது, அப்பாவுக்கு வேலை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். முனிரத்தினம் மாமாவுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்றபோது ஆஸ்துமா என்றேன். பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைத்தேன். அது தப்பு. அன்றைக்கே சொல்லி வளர்த்திருந்தால் இன்றைக்கு நீ பென்சிலால் குறி போட்டு அனுப்பியிருக்க மாட்டாய்.

அந்த எட்டு மாதத்தில்தான் நான் மைசூருக்குப் போய்ப் பதினைந்து நாள் பயிற்சி எடுத்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். புடவையைத் தூக்கிச் செருகி, மேலே ஒரு காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மூட்டை மேல் ஏறியபோது இரண்டு பேர் சிரித்தார்கள். தேர்வு வந்ததும் அவர்கள் என்னிடம்தான் மருந்து அளவுக் கணக்குக் கேட்டார்கள். திரும்பி வந்து புதிதாக விண்ணப்பம் போட்டு லைசென்ஸ் வாங்கினேன். விட்டுப்போன வேலைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அதற்கடுத்த புதுப்பித்தலுக்கு, லைசென்ஸைத் திருப்பி வாங்கிய அதே அதிகாரி வீட்டுக்கு வந்தார். பம்பைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், "முகமூடி எங்கம்மா?" என்றார். "வேலைக்குப் போயிருக்கு சார். பாக்கணும்னா குடோனுக்கு வாங்க" என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஜீப்பை எடுத்தார். கண்ணாடி கீறிப்போய், பட்டை ஒரு பக்கம் தைத்துப்போட்டிருந்த முகமூடியை உன் அப்பா மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். அதிகாரி கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து எப்படி வேலை நடக்கிறது என்று உனக்குத் தெரியும், அதுதான் உனக்கு மெதுவாகப் படுகிறது. கதவைத் திறப்பதற்கு முன்னால் சில்வர் நைட்ரேட்டில் நனைத்த காகிதத் துண்டை நான்தான் இடுக்கில் நீட்டிப் பார்ப்பேன். வெளுப்பாகவே இருந்தால் திறக்கலாம். கறுத்தால் லாரி நின்றாலும் சரி, முதலாளி நின்றாலும் சரி, திறப்பதில்லை. வாசலில் முனிரத்தினம் உட்கார்ந்திருப்பார். லாரிக்காரர்களிடம் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாறி மாறி ஒரே பதிலைத்தான் சொல்வார். போன மாதம் ஒரு மேனேஜர் அவரிடம் சத்தம் போட்டார். "சார், எனக்கு இருக்கறது அரை மூச்சு. அதயும் உங்களுக்குத் தர முடியாது. அக்கா வந்து காகிதம் பாக்கட்டும்" என்றார். இந்தக் காகித வேலையில் என் விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. போன தடவை வந்தபோது, கல்யாணத்துக்குள் அது போய்விடுமா என்று கேட்டாயே. போகாது. அட்சதை போடுகிற கை அதுதான். போட்டோக்காரரிடம் சொல்லி மறைக்கப் பார்க்காதே.

சம்பந்தி வீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நேற்று நானே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். "நான் ரிட்டயர் ஆகலைங்க. பூச்சி மருந்து அடிக்கிறேன், குடோனுக்குப் புகை போடறேன். பையன் தப்பாச் சொல்லிட்டான்" என்றேன். சொல்லிவிட்டு, சரி, கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு அந்த அம்மா, "எங்க வீட்டு நிலைப்படியில ரெண்டு வருஷமா கரையானுங்க. யாரைக் கேக்கறதுன்னு தெரியல. நீங்க வந்து பாப்பீங்களா?" என்று கேட்டார்கள். இப்படிப்பட்டவர்களிடம்தான் நீ இவ்வளவு பொய் சொல்லியிருக்கிறாய். அவர்கள் வீடும் பெங்களூரில், என் லைசென்ஸ் அங்கே செல்லாது என்பதால், கல்யாணம் முடிந்து அங்கே லைசென்ஸ் இருப்பவரை விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

உன் விண்ணப்பத்தை நான் கிழிக்கவில்லை. ரப்பரை எடுத்து அந்த மூன்று குறிகளையும் அழித்துவிட்டேன், காகிதம் கொஞ்சம் நைந்துவிட்டது. பிறகு புதிதாக ஒரு படிவம் வாங்கி என் கையாலேயே எழுதினேன். சலானும் கட்டியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை நானும் உன் அப்பாவும் போய்க் கொடுத்துவிட்டு வருகிறோம். லைசென்ஸ் என் பேரில்தான் இருக்கும், வேலை நடக்கிற இடத்தில் நானும் இருப்பேன். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்காதே. மூட்டை மேல் ஏற முடியாத அன்றைக்கு நானே திருப்பிக் கொடுப்பேன், அந்த வழி எனக்குத் தெரியும்.

உன் கம்பெனிக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. நீயும் என் மாதிரி கெமிஸ்ட்ரி படித்தவன்தானே, மைசூர் ஒன்றும் தூரமில்லை. புது மாப்பிள்ளை பதினைந்து நாள் பெண்டாட்டியை விட்டு இருக்க முடியாது என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு போ. உன் பேரில் வாங்கு, உன் ஆட்களோடு நீ உள்ளே போ, நான் உனக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். என் பேரை மட்டும் கேட்காதே. நீ என் ஒரே பிள்ளை. இந்த வீடு, நகை, உன் அப்பாவின் கைப்பம்பு எல்லாம் உனக்குத்தான். ஆனால் நான் இல்லாத இடத்துக்கு என் கையெழுத்து தனியாகப் போகாது. ஒரு தடவை போனது, ஒரு மனிதனின் பாதி மூச்சை எடுத்துக்கொண்டு வந்தது.

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் பாகலூர் சாலைக் குடோனைப் புகை போட்டு முடித்துத் திறக்கிறோம், காலை ஏழு மணிக்கு. அவசியம் வா. பீரோவில் தேடாதே, அங்கே புடவை மட்டும்தான் இருக்கிறது. உன் முகத்தின் அளவுக்குப் புதிதாக ஒரு முகமூடி வாங்கி, குடோன் வாசலில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறேன்.

அம்மா